எண்ணெய் குடித்த இஸ்பேட் ராஜா

அன்று கடையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி. கடற்கரை ஊரிலிருந்து வந்த குடும்பம். எல்லோருக்கும் பாய். இங்கே பர்மாவில், லான்மடாவ் தெருவில் இந்த அச்சுக்கடை அவருடைய வாப்பா காலத்திலிருந்து நடக்கிறது.

மிஷின்காரர். பர்மியர். எங்களோடு இருந்து இருந்து தமிழ் பழகியவர். நான் அவரைக் கோ என்பேன். அவர் என்னைக் கோஜி என்பார், பெரியண்ணன் என்று அர்த்தம்.

கம்ப்யூட்டரில் படம் போடும் பெண். பாயின் தங்கை மகள். நாம் தமிழில் கேட்டால் புரியும். பதில் பர்மியில் வரும்.

கப்பல்காரர். தாகேதாப் பகுதியில், எங்கள் வார்டு. சரக்குக் கப்பலில் வேலை.

நான். கத்திக்காரன். அச்சடித்த தாளை அளவுக்கு வெட்டுவது என் வேலை. முப்பத்தோரு வருடமாக அதுதான்.

கப்பல்காரரின் மனைவி பிறகு வந்தார். அவரோடு ஆறு பேர்.

காலை ஒன்பது மணி. கரண்டு இல்லை. அந்த வாரம் பத்து மணிக்குத்தான் வரும் முறை. அதனால் டீ குடித்துக்கொண்டு சும்மா இருந்தோம். கப்பல்காரர் வந்து ஒரு சீட்டுப் பெட்டியை மேசையில் வைத்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் ஒற்றைச் சீட்டு.

"அண்ணே, இது மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடுக்கணும். ஒண்ணே ஒண்ணு."

"எப்ப வேணும்?"

"நாளன்னைக்குக் காலைல பிளேன். கப்பலுக்குத் திரும்பறேன்."

பாய் சிரித்தார். "ஒரு சீட்டுக்கு மிஷின் ஓட்டணுமா? ஏழைவீட்டுக் கல்யாணப் பத்திரிகைன்னாலும் அம்பது அடிப்பாங்கப்பா."

கப்பல்காரர் சிரிக்கவில்லை.

உறையிலிருந்த சீட்டைப் பார்த்தேன். இஸ்பேட் ராஜா. நமக்குத் தெரிந்த தாடிவைத்த ராஜா இல்லை. மேலும் கீழும் தலை உள்ளவரும் இல்லை. தலையிலிருந்து முட்டி வரை ஒரே ஆள், நின்றிருந்தார். முடியும் சிப்பியும் வைத்துக் கட்டிய உயரமான கிரீடம். கையில் பல் பல்லாக ஒரு ஆயுதம். பெரிய கண். இடுப்பிலிருந்து முட்டி வரை கறுப்பு. முதலில் துணி என்று நினைத்தேன். துணி இல்லை, பச்சை குத்தியது.

நெற்றியில் குங்குமம். மார்பில் சந்தனம். நாலு ஓரமும் எண்ணெய்க் கறை.

"என்னய்யா இது," என்றார் பாய். "சீட்டுக்குப் பொட்டு வச்சிருக்கு?"

"வீட்ல வச்சிட்டா பாய்."

பிறகு விவரம் சொன்னார். கப்பலில் அவருக்கு மேலே ஒரு போசன், தளத்து ஆட்களுக்குத் தலைவர். சமோவாத் தீவுக்காரர். பசிபிக் கடலின் நடுவில் அந்த ஊர். சீட்டுக்கட்டு அவருடையது. அவருடைய தங்கை பள்ளிக்கூட டீச்சர். தீவில் உள்ளதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று ஐம்பத்திரண்டு படத்தைக் கையால் வரைந்து, கொஞ்சம் கட்டு அச்சடித்து வைத்தாராம். தங்கை இப்போது இல்லை. மற்றக் கட்டெல்லாம் பிள்ளைகள் கையில் தேய்ந்துவிட்டது. மிச்சம் இது ஒன்றுதான்.

லீவுக்கு இறங்கும் நாளில் அவசரமாகப் பை கட்டியதில் பெட்டி கப்பல்காரரோடு வந்துவிட்டது. போனில் சொன்னார். திரும்பும்போது கொண்டு வா, பத்திரம் என்றார் போசன்.

வீட்டில் பையைப் பிரித்தது மனைவி. பெட்டி திறந்துகொண்டது. சீட்டெல்லாம் கவிழ்ந்து விழுந்தது. ஒன்று மட்டும் அரிசி டின்னில் சாய்ந்து அவரைப் பார்த்து நின்றது. கையில் ஆயுதம், தலையில் கிரீடம், பெரிய கண். எங்கள் ஆட்களுக்கு அதைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? முனீஸ்வரன். மற்றதைப் பெட்டியில் போட்டு, இதைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டார். மூன்று மாதம் வெள்ளி தவறாமல் எண்ணெய், குங்குமம், பூ.

மாடத்தில் ஏற்கெனவே பதினைந்து படம் இருக்கும். பர்மியரின் காவல் சாமி போபோஜியும் அதில் உண்டு. கப்பல்காரர் தினமும் கும்பிட்டிருக்கிறார். உற்றுப் பார்க்கவில்லை. முந்தின நாள் பை கட்டும்போது சீட்டை எண்ணினார். ஐம்பத்தொன்று. மறுபடி எண்ணினார். பிறகுதான் மாடத்தைப் பார்த்தார்.

"அந்த ஆளு நல்லவருண்ணே. திட்டமாட்டாரு. அதான் பயமா இருக்கு."

பெட்டியைத் திறந்து மேசையில் பரப்பினேன். இஸ்பேட்டு துடுப்பாக இருந்தது. ஆட்டின், அதாவது இதயக் குறி, ஒரு அகலமான இலை. கிளாவர் மூன்று தேங்காய். டைமன் சீட்டில் கட்டம் கட்டமாக ஒரு கோலம். மரப்பட்டையைத் தட்டித் தட்டித் துணியாக்கி அதில் போடும் கோலமாம். சீட்டின் முதுகிலும் அதே. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பொருள். ஆமை. கொக்கி மாதிரி வால் பிளந்த கடல் பறவை. எலும்பில் செய்த தூண்டில். பாய் ஒரு சீட்டை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ஒரு பக்கம் மட்டும் மிதவை கட்டிய படகு. ரொம்ப நேரம் பார்த்தார். அவர் வாப்பா கடல்வழியாக வந்தவர்.

மிஷின்காரர் ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று தன் கைலியை முட்டிக்கு மேல் தூக்கினார்.

"அடேய், பொண்ணு இருக்கு," என்றார் பாய்.

"இங்க பாருங்க பாய். இங்கேருந்து இங்க வரைக்கும். எங்க தாத்தாவுக்கு இதேதான். இந்த ஆளு பர்மாக்காரன்!"

"கப்பல்ல மூணு வாரம் போவணும்யா அவன் ஊருக்கு."

"அப்ப எங்காளுங்க போயிருக்காங்க. குத்திக்காதவன அந்தக் காலத்துல ஆம்பளையாவே சேத்துக்க மாட்டாங்களாம்."

"அங்கயும் அப்படித்தான்," என்றார் கப்பல்காரர். "போசனுக்கு இருக்கு, நான் பாத்திருக்கேன். ஆனா உங்க தாத்தா தொடைல என்ன இருந்துச்சு?"

"புலி. பூனை. சுத்தி எழுத்து."

"அவங்களுக்கு மிருகம் கட்டம் போட்டு நிக்காது. கோடுதான். இடுப்புல படகு, அதுக்குக் கீழ பூரான், பழந்தின்னி வவ்வா எல்லாம் கோட்டுக்குள்ள இருக்கும். ஆரம்பிச்சா முட்டி வரைக்கும் முடிச்சிடணும். வலி தாங்காம பாதில எந்திரிச்சவன சாவற வரைக்கும் சிரிப்பாங்களாம்."

மிஷின்காரர் கைலியை இறக்கினார். "அப்ப தூரத்துச் சொந்தம்," என்றார்.

அந்தப் பெண் சொன்னாள், கரண்டு வந்தால் ஸ்கேன் எடுத்து, குங்குமத்தை அழித்து, மத்தியானத்துக்குள் புதுச் சீட்டு தருவேன் என்று. கப்பல்காரர் முகம் தெளிந்தது.

நான் கட்டைக் கையில் எடுத்தேன். கட்டைவிரலால் ஓரத்தை வழித்தேன். பல வருடம் உப்புக்காற்றில் விளையாடிய தாள். மெத்தென்றிருந்தது.

"செல்லாது," என்றேன்.

"ஏன் ஊலே?" என்றாள் பெண். பர்மியில் மாமா என்று கூப்பிடுவது அப்படித்தான்.

"அம்பத்தோரு பழைய பல்லு நடுவுல ஒரு பொய்ப்பல்லு. கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரியும். அந்த ஆளு தினம் கலைக்கிறவரு. முதல் கலைப்புலயே கண்டுபிடிச்சிடுவாரு."

"அப்ப என்னண்ணே பண்றது?"

"இவரையே குளிப்பாட்டலாம்."

சீட்டு முகத்தில் வார்னிஷ் உண்டு. எண்ணெய் முகம் வழியாக உள்ளே போகாது. வெட்டிய ஓரம் வழியாகத்தான் குடிக்கும், திரி குடிப்பதுபோல. சாக்பீஸைப் பொடித்துத் தூவினேன். ஊறவிட்டேன். பழைய பனியன் துணியால் துடைத்தேன். மறுபடி தூவினேன்.

"தனகா வேணுமா ஊலே?" என்றாள் பெண் பர்மியில், தன் கன்னத்தில் இருந்த சந்தனம் மாதிரிப் பூச்சைக் காட்டி.

"வேண்டாம். ராஜா பொண்ணு பாக்கப் போகல."

ஏழெட்டுத் தடவையில் நெற்றி வெளுத்தது. மார்பு வெளுத்தது. முட்டிக் கோடெல்லாம் ஒன்றுவிடாமல் வந்தது. ஓரம் மட்டும் வரவில்லை. மூன்று பக்கம் ஒரு மில்லிமீட்டர் பழுப்பு. அடிப்பக்கம் எண்ணெய்த் தட்டில் நின்றதால் ஒன்றரை மில்லி. அது உள்ளே போன எண்ணெய். துடைத்தால் போகாது.

வெட்டினால் போகும்.

"இந்தச் சீட்ட மட்டும் வெட்டினா சின்னதாயிடும்," என்றேன். "எல்லாத்தையும் வெட்டணும். நாலு பக்கமும் ஒரு மில்லி. மூலைய மறுபடி உருட்டணும். அப்ப எல்லாம் ஒரே அளவு, ஒரே தாளு, ஒரே கட்டு."

பாய் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒரு சீட்டு கெட்டதுக்கு அம்பத்திரண்டையும் கத்தில வைக்கிறியா? தப்புனா?"

"தப்பாது."

"முருகன் கால் ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. நான் சேர்ந்த புதிது. ஒரு கோயில் காலண்டர். அடிப்பக்கத்தை முதலில் வெட்டினேன். முருகனுக்குக் கால்விரல் போயிற்று. ஐநூறு முருகன். பாயின் வாப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐநூறையும் என் தோளில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஒரு வருடம் அதைத்தான் பார்த்தேன். அன்றிலிருந்து கால் பக்கம் கடைசி வெட்டு. பிறகு ஒரு சாமிக்கும் விரல் போகவில்லை.

"அதனாலதான் தப்பாதுங்கிறேன்," என்றேன். "ஆனா இது அடுத்தவர் பொருள். கேட்டுட்டுத்தான் கத்தி வைப்பேன். தம்பி, போன் போடு."

கப்பல்காரர் முகம் செத்துவிட்டது. ஆனாலும் போட்டார்.

திரையில் ஒரு பெரிய ஆள் வந்தார். கழுத்தே தெரியாத தோள். பின்னால் கப்பல் அறை. இரண்டு பேரும் கப்பல் இங்கிலீஷில் பேசினார்கள். எனக்குப் பாதி புரிந்தது. மீதியைக் கப்பல்காரர் அப்போதைக்கப்போது சொன்னார். நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். போசன் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு கேட்டார்.

"என்ன வச்சாங்க?"

"எண்ணெய். செவப்புப் பொடி. பூ."

"எவ்வளவு நாளா?"

"மூணு மாசம்."

"எந்தச் சீட்டு?"

"இஸ்பேட் ராஜா."

போன் அதிரும்படி ஒரு சிரிப்பு. மிஷின்காரர் டீயைச் சிந்தினார்.

"என்னவாம்?" என்றார் பாய்.

"அது அவங்க தாத்தா மொகமாம் பாய். தங்கச்சி அவர நெனச்சுத்தான் வரைஞ்சுச்சாம். உசுரோட இருந்த வரைக்கும் மனுசனுக்கு ஒருத்தரும் ஒரு பூக் குடுக்கலியாம்."

வெட்டும் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. வெட்டுகிறவர் யார் என்று கேட்டார். போனை என் பக்கம் திருப்பினார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"கையக் காட்டச் சொல்றாரு," என்றார் கப்பல்காரர்.

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவர் உதடு அசைந்தது. எண்ணினார். பத்தும் இருந்தது. என் தொழிலில் முப்பத்தோரு வருடத்துக்குப் பிறகு பத்தும் இருப்பது சாதாரணம் இல்லை. கயிறும் சங்கிலியும் பிடிக்கிற ஆளுக்கு அது தெரிந்திருக்கிறது.

"சரிங்கிறாரு. ஒண்ணே ஒண்ணு மட்டும். கால் கோடு ஒண்ணுகூடக் கொறையக் கூடாதாம். தாத்தா முழுசா முடிச்சவராம்."

சீட்டை அளந்தேன். முட்டியின் கடைசிக் கோட்டுக்கும் ஓரத்துக்கும் நடுவில் இரண்டு மில்லி. கறை ஒன்றரை. முழுக் கறையும் வெட்டினால் அரை மில்லிதான் பாக்கி. கட்டாக வைத்து வெட்டும்போது கத்தி தாளைக் கொஞ்சம் இழுக்கும். கோடு போய்விடலாம்.

"கால் பக்கமும் ஒரு மில்லிதான் எடுப்பேன். அடியில ஒரு நூல் அளவு எண்ணெய் நிக்கும். பின்னாடியும் தெரியும். ராஜா யார் கைல இருக்குன்னு எல்லாரும் கண்டுபிடிச்சிடுவாங்கன்னு சொல்லு."

சொன்னார். பதில் உடனே வந்தது.

"தலைவர் எங்க உக்காந்திருக்காருன்னு ஊருக்கே தெரியும், அதுல என்னங்கிறாரு."

போனை வைத்தார்கள். அப்போதுதான் வாசலில் சத்தம். கப்பல்காரர் மனைவி. கையில் ஒரு எலுமிச்சம்பழம். மாடம் காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு தாகேதாவிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"எங்க வச்சிருக்கீங்க அவர?"

"இந்தா, குளிச்சிட்டு உக்காந்திருக்காரு," என்றார் மிஷின்காரர். "அக்கா, மீசை இல்லாத முனீஸ்வரன எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"தண்ணி தாண்டி வந்தவரு. வழியில மழிச்சிருப்பாரு. உனக்கென்ன?"

மேசையையும் என் கையிலிருந்த அளவுகோலையும் பார்த்தார். புரிந்துவிட்டது.

"அண்ணே, கும்பிட்ட சாமி மேல கத்தி வைக்கப் போறீங்களா?"

"ஓரத்துலதான் வைக்கிறேன்மா."

"ஓரமும் சாமிதான்."

கப்பல்காரர் குறுக்கே வந்தார். "அது சாமி இல்லடி. போசனோட தாத்தா."

"முனியும் யாருக்கோ தாத்தாதான். நீங்க பேசாதீங்க. மூணு மாசம் வீட்ல தூங்கிட்டுப் போறீங்க. அப்புறம் ஒம்பது மாசம் நான் யாரப் பாத்துக்கிட்டு இருக்கிறது? உங்களக் கொண்டுபோய் கொண்டாந்து விடணும்னுதான் அவருக்கு வெளக்கு வச்சேன்."

பாய் கையை உயர்த்தினார். "சாமி விஷயத்துல எனக்கு வாய் இல்ல. நீங்க பேசிக்குங்க."

அந்தம்மா அழவில்லை. எலுமிச்சம்பழத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் நேராகக் கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரருக்குக் காவலுக்குத்தானே வச்சீங்க?"

"ஆமா."

"இவரு போறது கப்பல்ல. காவல்காரர் தாகேதால உக்காந்து என்ன பண்ணுவாரு?"

அந்தம்மா கையிலிருந்த பழத்தைப் பார்த்தார்.

"அவரு கப்பல்ல இருந்து வந்தவரு. கப்பலுக்குத் திரும்பிப் போகட்டும். உங்க வீட்டுக்காரர் பக்கத்துலயே இருப்பாரு. மாடத்துக்கு ஒரு படம் அடிச்சுத் தர்றோம்."

"அடிச்ச படத்துக்குச் சக்தி இருக்குமா?"

"உங்க மாடத்துல இருக்கிற பெருமாள், மாரியம்மா, விநாயகர் எல்லாம் எங்க அடிச்சது? இந்தக் கடை. யாரு வெட்டுனா? நான்தான்."

அந்தம்மா என்னைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார். பாய் தலையாட்டினார்.

"அப்ப வெட்டுங்க," என்றார். "ஆனா கத்திக்கு இத முதல்ல வெட்டணும்." எலுமிச்சம்பழத்தை நீட்டினார்.

"புளிப்பு பட்டா கத்தி கெட்டுடும்மா. ஆயுத பூஜைக்கு எங்க வைப்போமோ அங்க வைங்க."

மிஷின் காலடியில் வைத்துக் கும்பிட்டார். அதே நேரம் தெருவில் "மீ லாபி!" என்று கத்தினார்கள். கரண்டு வந்துவிட்டது என்றால் இங்கே தெருவே அப்படிக் கத்தும். மின்விசிறி சுற்றியது. பெண் ஸ்கேன் எடுக்க ஓடினாள். மிஷின்காரர் பெரிய வெட்டு மிஷினின் சுவிட்சில் கை வைத்தார்.

"வேண்டாம் கோ. இது கையாலதான்."

மோட்டார்க் கத்தி இறங்க ஆரம்பித்தால் நம் பேச்சைக் கேட்காது. கைக்கத்தியைப் பாதியில் நிறுத்தலாம். மூலையில் கிடந்த பழைய கைமிஷினைத் துடைத்தேன். கத்தியைச் சாணை வைத்தேன். கடையில் கிடந்த வேறு சீட்டுக்கட்டு ஒன்றை வெட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. இன்னொன்றும் வெட்டிப் பார்த்தேன்.

அதற்குள் பெண் ஸ்கேன் எடுத்துச் சீட்டைத் திருப்பித் தந்தாள். கட்டில் அதன் இடத்தில் சொருகினேன். பதிமூன்று பதிமூன்றாகப் பிரித்தேன். மேலும் கீழும் அட்டை கொடுத்துத் தட்டிச் சமன் செய்தேன். பிடியை இறுக்கினேன். மேல் பக்கம். கைப்பிடியை இழுத்தேன். தலைமுடி மாதிரி ஒரு கற்றை உதிர்ந்தது. இடது பக்கம். வலது பக்கம். நாலு பிரிவுக்கும் இந்த மூன்று பக்கம் ஆனதும், ராஜா இருந்த பிரிவை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற மூன்றின் கால் பக்கத்தை முடித்தேன்.

பிறகு அதைக் கடைசியாக எடுத்தேன். மேல் அட்டையை எடுத்துவிட்டு, ராஜாவை மேலே வைத்து, கோட்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு, கால் பக்கம்.

கப்பல்காரர் வெளியே போய் நின்றுகொண்டார். மனைவி போகவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். மூச்சுச் சத்தம் கேட்டது. கத்தியை மெதுவாக இறக்கினேன். பாதியில் நிறுத்திப் பார்த்தேன். சரி. இறக்கினேன்.

பிடியைத் தளர்த்தி ராஜாவை எடுத்து அந்தம்மா கையில் கொடுத்தேன். அடியில் நூல் மாதிரி ஒரு பழுப்புக் கோடு. அதற்கு மேலே வெள்ளை. அதற்கு மேலே முட்டியின் கடைசிக் கோடு, முழுசாக.

"இருக்கு," என்றார். வாசலைப் பார்த்துக் கத்தினார். "உள்ள வாங்க, தாத்தா கால் இருக்கு!"

விசிட்டிங் கார்டுக்கு மூலை உருட்டும் சின்ன அச்சில் நாலு நாலாக வைத்து மூலைகளை உருட்டினேன். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெண் புதுப் படத்தைக் கொண்டுவந்தாள். உள்ளங்கை அகலம், நல்ல நிறம். மீசை வேண்டுமா என்று அந்தம்மாவைப் பர்மியில் கேட்டாள். வேண்டாம், வந்தபடியே இருக்கட்டும் என்றார். அதையும் நான்தான் வெட்டிக் கொடுத்தேன்.

தரையில் கிடந்த ஓரங்களை அந்தம்மா குனிந்து பொறுக்கினார். எது ராஜாவின் ஓரம், எது ஆமையின் ஓரம் என்று பிரிக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரு வாழையிலைத் துண்டில் சுருட்டிக்கொண்டார். போகும் வழியில் பசுண்டவ்ங் ஓடையில் விடுவதாகச் சொன்னார். மிஷின் காலடியில் இருந்த பழத்தை எடுக்கவில்லை. அது அங்கேயே இருந்தது.

பாய் கூலி கேட்கவில்லை. படகுச் சீட்டை மட்டும் இன்னொரு தடவை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

எண்ணாமல் எதையும் நான் கொடுப்பதில்லை. கட்டைக் கவிழ்த்து மேசையில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துவைத்தேன். கப்பல்காரர் வாய்க்குள் எண்ணினார். மிஷின்காரர் பர்மியில் எண்ணினார். கடைசிச் சீட்டை வைத்தேன்.

ஐம்பத்திரண்டு.